புதுப்பிப்பு: அம்மாவின் ஷவர் கதிரை

சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவுக்கு எந்த ஷவர் கதிரை நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன், பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அலுமினியச் சட்டம் உள்ளதையே வாங்கிவிட்டோம், வெள்ளவத்தைக் கடல் காற்றுக்கு இரும்பு தாங்காது. எல்லாவற்றையும் விட முக்கியம் உயரம்தான்: கதிரைக் கால்களை நீட்டிச் சக்கர நாற்காலியின் மட்டத்துக்கே கொண்டுவந்தோம், இப்போது பிரேக்கைப் போட்டு, பக்கத்துக் கைப்பிடியை மேலே மடக்கிவிட்டால், அம்மா இரண்டுக்கும் நடுவே வைத்த பலகையில் சறுக்கியே மாறிவிடுகிறார், யாரும் தூக்கத் தேவையில்லை. இருக்கை மெத்தென்றும் இருக்கவேண்டும், உணர்வு குறைந்த உடம்புக்குக் கடினமான பிளாஸ்டிக்கில் புண் வந்துவிடும். அப்புறம், சுவரில் உறிஞ்சி ஒட்டும் கைப்பிடிகளை நம்பவே வேண்டாம், டைல் இடுக்கால் காற்றுப் புகுந்தால் கையோடு கழன்று வரும். துளையிட்டு ஸ்க்ரூ போட்டே பூட்டுங்கள்.