ஹாலோ கிரைண்டுக்குத் தமிழில் என்ன சொல்? (சவரக்கத்திக் குறிப்புக்கான கலைச்சொற்கள்)

அன்புள்ள நண்பர்களுக்கு,

வீட்டுப் பட்டறையிலேயே சவரக்கத்தி செய்வது பற்றி ஒரு செய்முறைக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். பிளேடு மாற்றுகிற கத்தி அல்ல. மடக்கி வைக்கும் பழைய முழுக்கத்தி. கருவிகள் அதிகமில்லை. 6 அங்குலக் கல் பூட்டிய பெஞ்ச் கிரைண்டர், ஆங்கிள் கிரைண்டர், அரங்கள் சில, ஒரு கரி உலை. இரும்புக்கு, தேய்ந்துபோன தட்டை அரம். லாரிப் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) அரிவாள் அருமையாக வரும், ஆனால் அதில் கார்பன் 0.6 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். மயிர் மழிக்கிற வாய்க்கு 1 சதவீதத்தை ஒட்டியாவது வேண்டும். நல்ல அரத்தில் அது உண்டு. மேல்தோல் மட்டும் கெட்டியான மலிவு அரங்களும் சந்தையில் இருக்கின்றன, அவை ஆகாது.

எழுத எழுத வரிக்கு வரி ஒரு சொல் இடறுகிறது. கத்தியின் இரண்டு கன்னமும் உள்வாங்கிக் குழிந்திருக்கும் ஹாலோ கிரைண்டுக்கு இப்போதைக்குக் ‘குழிச்சாணை’ என்று போட்டிருக்கிறேன். கைப்பிடியின் இரண்டு பக்கப் பலகைகளான ஸ்கேல்ஸுக்குச் ‘செதில்’. சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கும் குவெஞ்சிங், பிறகு மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைக்கும் டெம்பரிங், இரண்டுக்கும் சேர்த்துத் ‘துவைச்சல்’. கல்லில் தீட்டிய பிறகு கத்தியை இழுக்கும் தோல்பட்டையான ஸ்ட்ராப்புக்குத் ‘தீட்டுத்தோல்’. வரைவிலிருந்து ஒரு வரி: “துவைச்சலுக்கு முன்பே குழிச்சாணை பிடித்துவிட வேண்டும்.” எங்கெங்கே உதைக்கிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்
செ., கோவை

* * *

தம்பி செ.,

> “துவைச்சலுக்கு முன்பே குழிச்சாணை பிடித்துவிட வேண்டும்.”

இந்த ஒரு வரியே போதும், குழிச்சாணை ஏன் ஆகாது என்று காட்ட. சாணை பிடிப்பது என்றால் நம் ஊரில் எவருக்கும் ஒரே பொருள்தான், கூராக்குவது. தெருவில் கல்லைச் சுழற்றிக்கொண்டு வருகிறவரிடம் கத்தியை நீட்டினால் அதைத்தான் செய்து தருவார். உங்கள் வரியைப் படிப்பவர் வாயை நன்றாகக் கூராக்கிவிட்டு உலையில் வைப்பார். மெலிந்த ஓரம்தான் முதலில் சிவக்கும், கார்பனை இழக்கும். எண்ணெயில் இறங்கியதும் அலை அலையாக நெளியும், இல்லாவிட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், வாய்க்குக் குறுக்கே விரிசல். அதற்குப் பிறகு அதைத் தூக்கிப் போடுவதுதான்.

நீங்கள் சொல்ல வந்தது வேறு. வாயில் ஒரு மி.மீ. அளவுக்குக் கனம் விட்டுவிட்டு, கன்னங்களைக் கல்லில் கொடுத்துக் குழிக்கச் சொல்கிறீர்கள். ஆக, இரும்பைக் கழித்து வடிவம் கொண்டுவருவது ஒரு வேலை, கூராக்குவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் செய்முறைக் குறிப்பு கெட்டுப்போகும். முதல் வேலைக்குத் ‘தேய்ப்பு’ என்று வைப்போம். ஹாலோ கிரைண்டுக்குக் ‘குழித்தேய்ப்பு’. ‘உட்குழிவு’ என்றும் யாராவது சொல்வார்கள். பாடப்புத்தகத்தில் ஆடி, வில்லை வரும் இடத்தில் அது பழகிய சொல்தான். ஆனால் “உட்குழிவு கொடு” என்று பட்டறையில் ஒருவரும் சொல்லமாட்டார், “குழிச்சுத் தேய்” என்றுதான் சொல்வார்.

குழித்தேய்ப்பு என்று வைப்பதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. சவரக்கத்திக்காரர்கள் குழியின் ஆழத்தைக் கால், அரை, முழு என்றுதான் பிரிக்கிறார்கள். நமக்குக் கேட்கவா வேண்டும்? கால்குழி, அரைக்குழி, முக்கால்குழி, முழுக்குழி. குழியே இல்லாமல் முதுகிலிருந்து வாய்வரை நேராகச் சரிவது ஆப்பு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பழைய கனத்த கத்திகள் இந்த ஆப்பு வகை. மெலிந்த முழுக்குழிக்குப் பேர்போனது ஜெர்மனியின் சோலிங்கன்.

எந்தக் குழி கிடைக்கும் என்பதைக் கல்லின் விட்டம்தான் தீர்மானிக்கிறது, இதைக் குறிப்பில் கட்டாயம் சேருங்கள். கன்னத்தில் 16 மி.மீ. அகலத்துக்குக் குழி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 150 மி.மீ. கல்லில் ஆழம் ஒரு பக்கத்துக்கு 0.43 மி.மீ.தான் வரும் (அகலத்தின் வர்க்கத்தை விட்டத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் போதும்). முதுகு 5.5 மி.மீ. என்றால் கத்தியின் நடுவில் கிட்டத்தட்ட 1.9 மி.மீ. கனம் மிஞ்சும். அது கால்குழி. முழுக்குழி வேண்டுமென்றால் 60 மி.மீ. சக்கரம் தேவை, அப்போது நடுக்கனம் ஒரு மி.மீ.க்குக் கீழே போய்விடும். அந்த மெலிவில் பெஞ்ச் கிரைண்டரை நம்பிக் கத்தியைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. வீட்டில் செய்பவருக்குக் கால்குழியே கௌரவமான கத்திதான் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். கல் தேயத் தேயக் குழி ஆழமாகிக்கொண்டே போகும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

முதுகை முதுகு என்றே விடலாம். ஆனால் அதன் வேலையை விளக்குங்கள். தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிகின்றன, கோணத்தை நம் கை பிடிப்பதில்லை, முதுகின் கனமே பிடித்துக்கொள்கிறது. 19 மி.மீ. அகலக் கத்திக்கு 5.5 மி.மீ. முதுகு என்றால் வாயின் கோணம் 16, 17 டிகிரியில் நிற்கும். தேய்ப்பின்போது முதுகைத் தாராளமாகக் கரைத்துவிட்டால் இந்தக் கணக்கு குலைந்துபோகும்.

செதில் வேண்டவே வேண்டாம். மீன் கடையில் நிற்பதுபோல் இருக்கிறது. மடக்கினால் கத்தியை வாங்கிக்கொள்ளும், விரித்தால் கைக்குப் பிடி. ‘உறைப்பிடி’ எனலாம். கத்தி சுழலும் இடத்தில் இருப்பது அச்சாணி, மறுமுனையை இறுக்குவது தறையாணி. கத்தியின் வாய் முடிந்து அச்சாணிப் பக்கம் நீளும் டாங்குக்குக் காம்பு, அதன் நுனியில் விரல் வைக்கும் வளைவுக்கு வால்.

இனித் துவைச்சல். கொல்லர் வாயில் அது முழு வேலைக்கும் பெயர், சிவக்கக் காய்ச்சித் தோய்ப்பதும் அதுதான், பதம் பார்ப்பதும் அதுதான். அரிவாளுக்கு ஒரே சூட்டில் இரண்டையும் முடித்துவிடுகிறவருக்கு ஒரே சொல் போதும். சவரக்கத்தியில் இரண்டும் தனித்தனி நிகழ்ச்சி. காந்தம் ஒட்டாத சூட்டுக்கு, அதாவது 770 டிகிரிக்குச் சற்று மேலே கொண்டுபோய் வெதுவெதுப்பான எண்ணெயில் இறக்குவது துவைச்சல். பிறகு 200 டிகிரியை ஒட்டி ஒரு மணி நேரம் வைத்து, கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையைக் குறைப்பது ‘மறுசூடு’. ‘பதமிறக்கல்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிரைண்டரில் சூடேறி வாய் நீலம் பூத்துவிட்டால் “டெம்பர் இறங்கிடுச்சு” என்பார்களே, அதோடு போய்க் குழம்பும்.

இரா., ஓசூர்

* * *

இரா. ஐயாவுக்கும் செ.வுக்கும் வணக்கம்,

குழித்தேய்ப்பு எனக்கும் பிடிச்சிருக்கு. துவைச்சலில ஒரு சிக்கல். உங்கட பக்கம் துணி துவைக்கிறது. எங்கட பக்கம் உடுப்புத் தோய்க்கிறது. துவைச்சல் எண்டாலும் தோய்ச்சல் எண்டாலும் கிணத்தடிதான் ஞாபகம் வருது! கொல்லர் சொல் எண்டதால விடவும் மனமில்லை.

நான் எழுத வந்தது தீட்டுத்தோலைப் பற்றி. தீட்டு எண்ட சொல்லுக்கு மற்றப் பொருளும் இருக்கு. அதைத் தோலோட சேர்த்து, அதுவும் முடிதிருத்துவோர் கையில இருக்கிற தோலோட சேர்த்து எழுதினால், ஒரு காலத்தில அந்த ஆக்களை வாசலோட நிப்பாட்டின கதையெல்லாம் அந்தச் சொல்லுக்குள்ள வந்து நிக்கும். நீங்கள் அப்பிடி நினைச்சு எழுதேல்லை எண்டு தெரியும், ஆனால் வாசிக்கிற ஆளுக்கு அது தெரியாது. ‘தீட்டுவார்’ எண்டு மாத்தினால் “ஆர் தீட்டுவார்?” எண்டு கேப்பினம். ‘இழைதோல்’ எப்பிடி? கத்தி அதில கூராகிறது இல்லைத்தானே. முதுகை முன்னால விட்டு, வாயைப் பின்னால இழுத்து, மெல்ல இழைக்கிறதுதான் வேலை. கல்லுக்குத் தீட்டுக்கல் எண்டு இருக்கட்டும், அதில ஒருத்தருக்கும் நோகாது.

ம., யாழ்ப்பாணம்

* * *

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி.

இழைதோலை அப்படியே எடுத்துக்கொண்டேன். துவைச்சலை ‘எண்ணெய்த் துவைச்சல்’ என்று எழுதப்போகிறேன், எண்ணெயில் துணி துவைப்பவர் எந்த ஊரிலும் இல்லை. அரத்தை முதலில் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து இளக்குகிறோமே, அந்த அனீலிங்குக்கு ‘ஆறப்போடல்’ என்று வைத்திருக்கிறேன். யாரும் மறுக்காவிட்டால் அது நிற்கட்டும். மாற்றிய பத்தி இது:

“ஆறப்போட்ட அரத்தின் பற்களைத் தடம் தெரியாமல் தேய்த்து எடுக்கவும், ஒரு பல்லின் பள்ளம் மிஞ்சினாலும் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். முதுகையும் காம்பையும் தொடாமல் இரு கன்னத்திலும் குழித்தேய்ப்பைத் தொடங்கவும். வாயில் ஒரு மி.மீ. கனம் இருக்கும்போது நிறுத்தி, எண்ணெய்த் துவைச்சலும் மறுசூடும் முடிக்கவும். அதன் பிறகே கால்குழி வரும்வரை மீதியைத் தேய்க்கவும். கையுறை போட வேண்டாம்; விரலுக்குச் சூடு தெரிந்ததும் தண்ணீரில் முக்கவும். நீலம் பூத்த வாய் மழிக்க உதவாது. பிறகு தீட்டுக்கல், பிசிறு போனதும் இழைதோல்.”

தேய்க்கும்போதும் தீட்டும்போதும் வாயோரம் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு, அதாவது பர் என்பதற்குப் பிசிறுதான். கோவையில் எந்த லேத் பட்டறையிலும் அதை அப்படித்தான் சொல்கிறார்கள், அதற்குப் புதுச்சொல் யாரும் அனுப்ப வேண்டாம்.

செ.