பாட்டு சரி, பதிவு சரியா? ஆல்பம் கேட்ட அனுபவங்கள்

ஆல்பங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாட்டு, வரிகள், குழுவின் கதை என்று மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது எப்படிப் பதிவாகியிருக்கிறது, மிக்ஸிங்கில், அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலக்கும்போது, என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை ஒரு ஆல்பத்தின் பாதி உயிர் அங்கேதான் இருக்கிறது. பதிவின் ஒலியே உங்கள் அபிப்பிராயத்தைத் தீர்மானித்த ஆல்பம் எது என்று எழுதுங்கள். முதலில் என்னுடையது.

அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிக்காவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்', 1988. கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்தவன், அடித்தளமாக ஒலிக்கும் கீழ்ச்சுரங்களைத் தரும் பேஸ் கிட்டார் வாசிப்பான். முந்தைய ஆல்பங்களில் குழுவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் வாசித்ததைக் கேட்டுக் கேட்டே விரல் பழகியவன். இந்த ஆல்பத்தைப் போட்டதும் முதல் பாட்டான 'பிளாக்கண்ட்'டில் பேஸைத் தேட ஆரம்பித்தான். ஹெட்போன் மாட்டிப் பார்த்தான், பேஸ் குமிழை முழுக்கத் திருகிப் பார்த்தான். கால் டிரம்மின் இடிதான் கூடியது. பேஸ் கிட்டார் அகப்படவே இல்லை. இத்தனைக்கும் அந்தப் பாட்டை எழுதியவர்களில் பேஸ் வாசித்த ஜேசன் நியூஸ்டெட்டும் ஒருவர்.

1986 செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் பர்ட்டன் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் நியூஸ்டெட். புதிதாக வந்தவரை மற்றவர்கள் பாடாய்ப் படுத்தினார்கள் என்பது ஊரறிந்த விஷயம். பேஸைக் கேட்காத அளவுக்குக் குறைக்கச் சொன்னது டிரம்மர் லார்ஸ் உல்ரிச்தான் என்று மிக்ஸிங் செய்த ஸ்டீவ் தாம்சன் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கிட்டார் போகும் பாதையிலேயே நியூஸ்டெட்டும் சுரத்துக்குச் சுரம் வாசித்ததால் பேஸ் அதோடு கலந்து மறைந்துவிட்டது என்ற விளக்கமும் உண்டு. 2018ல் மறுபதிப்பு வந்தபோதும் பேஸைக் கூட்டவில்லை.

'ஒன்' பாட்டில் இந்த வறண்ட ஒலி பொருந்துகிறது என்று நானே வாதாடுவேன். கை, கால், கண், காது எல்லாம் போய்ப் படுக்கையில் கிடக்கும் போர்வீரனின் பாட்டு அது. ஈரமே இல்லாத டிரம்மும் கிட்டாரும் அவன் நிலைமையைச் சொல்கின்றன. ஆனால் 'டு லிவ் இஸ் டு டை'? பர்ட்டன் விட்டுப்போன இசைத்துண்டுகளை வைத்துக் கட்டிய அஞ்சலி. ஒரு பேஸ் கலைஞனுக்குச் செய்யும் அஞ்சலியில் பேஸ் அமுங்கிக் கிடப்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

இருபது வருடம் கழித்து அதே குழு நேர் எதிரான காரியத்தைச் செய்தது. 2008ல் வந்த 'டெத் மேக்னெட்டிக்'. பழைய வேகம் திரும்பியது, முந்தைய ஆல்பத்தில் காணாமல் போயிருந்த கிட்டார் சோலோக்கள் திரும்பின. பாட்டுகளில் எனக்குக் குறையே இல்லை. சிடியைத்தான் முழுசாகக் கேட்க முடியவில்லை. பாதியிலேயே காது களைத்துவிடும். கணினியில் அலைவடிவத்தைத் திறந்து பார்த்தேன். மேலும் கீழும் கத்தரித்துவிட்ட வேலி மாதிரி, மேடு பள்ளமே இல்லை. பெருக்கிப் பார்த்தால் ஸ்னேர் டிரம் விழும் இடங்களில் அலையின் தலை தட்டையாகக் கிடக்கிறது. அந்தத் தட்டைதான் ஸ்பீக்கரில் கரகரப்பாக வருகிறது.

அதே சமயத்தில் அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டுக்கும் வந்தன. விளையாட்டுக்குத் தனித்தனி டிராக்குகளாகக் கொடுத்ததால் சத்தத்தைக் கூட்டுவதற்காகக் கடைசியில் போட்டு நசுக்கும் வேலை அதில் நடக்கவில்லை. ரசிகர்கள் அதைப் பதிந்து சிடியோடு ஒப்பிட்டார்கள். விளையாட்டிலிருந்து எடுத்ததில் டிரம் மூச்சு விடுகிறது! மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் கடைசி ஒலிச்சீரமைப்பு, செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே ஒலி அப்படித்தான் நசுங்கியிருந்தது என்று ஒரு ரசிகருக்கு எழுதியது வெளியே வந்தது. அந்த வருடம் நான் படித்த பாராட்டு விமர்சனங்களில் இந்த ஒலியைப் பற்றிப் பேச்சே இல்லை. எதில் போட்டுக் கேட்டு எழுதினார்கள் என்று இன்னும் யோசிக்கிறேன்.

*

அண்ணா, இந்தப் பேச்சில் 'ரா பவர்' வராமல் போகக்கூடாது. இக்கி அண்ட் த ஸ்டூஜஸ், 1973. பாடகர் டேவிட் போவி மிக்ஸ் செய்த ஆல்பம். தனித்தனியாகப் பதிய 24 டிராக் இருந்தும் மூன்றுதான் நிரம்பியிருந்தது என்று போவி சொல்லியிருக்கிறார்: குழு முழுக்க ஒன்றில், லீட் கிட்டார் ஒன்றில், இக்கியின் குரல் ஒன்றில். பேஸும் டிரம்மும் ஒரே டிராக்கில் கிடந்தால் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?

எனக்கு முதலில் கிடைத்தது 1997ல் இக்கியே உட்கார்ந்து திரும்ப மிக்ஸ் செய்த சிடி. எல்லாமே உச்சத்தில், எல்லாமே சிதறி. முதல் பாட்டு தூக்கிப்போட்டது. நாலாவது பாட்டு வருவதற்குள் எந்த வாத்தியமும் தனியாகத் தெரியவில்லை. அப்புறம்தான் போவியின் பழைய மிக்ஸைக் கேட்டேன். டிரம் எங்கேயோ அடுத்த வீட்டில் அடிப்பது போல மெலிந்திருக்கிறது, அது உண்மை. ஆனால் ஜேம்ஸ் வில்லியம்சனின் கிட்டார் நுழையும்போது மற்ற எல்லாம் வழிவிடுகிறது. மெலிவான பதிவுதான், ஆனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிகிறது. இரண்டுமே என்னிடம் இருக்கின்றன. போட்டுக் கேட்பது பழையதை.

*

நான் மெட்டல் கேட்பதில்லை. எனக்கு ஃபோக்தான். நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' பற்றிச் சொல்லலாமா?

இரவுப் பணி முடிந்து வந்து கேட்கப் பழகிய ஆல்பம் இது. 1971 அக்டோபரில் லண்டனில் இரண்டே இரவுகளில் பதிவு செய்தார்கள். ஸ்டூடியோவில் டிரேக்கும் ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டும் மட்டும். குரல், ஒரு கிட்டார், அவ்வளவுதான். தலைப்புப் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. முந்தைய ஆல்பத்தில் டிரம், வயலின் கூட்டம் எல்லாம் சூழ்ந்திருக்க, அதற்குள் இவர் குரல் விருந்தாளி போல் ஒதுங்கி நிற்கும். இதில் கட்டைவிரல் தடித்த கம்பியை விட்டு எழும்புவதுகூடக் கேட்கிறது. 'ரோட்' பாட்டில் ஒரு கிட்டாரா, இரண்டா என்று சந்தேகமே வரும். ஒன்றுதான். வேறு வாத்தியம் எதுவும் மேலே விழாததால்தான் அது தெரிகிறது.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மொத்தமே 28 நிமிடம். 'நோ' (Know) பாட்டில் நாலே வரி, மீதி முனகல். 'ஹார்ன்' ஒரு குட்டி வாசிப்பு, பாதியில் எழுந்து போனது மாதிரி இருக்கிறது. இந்த இரண்டையும் மகத்தானவை என்று எழுதுபவர்கள் 1974ல் 26 வயதில் அவர் இறந்துபோனதை மனதில் வைத்து எழுதுகிறார்கள் என்பது என் எண்ணம். அவர் இருந்தபோது இந்த ஆல்பத்தை வாங்க ஆளில்லை. 1999ல் ஒரு ஃபோக்ஸ்வேகன் கார் விளம்பரத்தில் தலைப்புப் பாட்டு வந்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது.

*

பதிவு கெட்டதே ஆல்பமாக ஆன கதையும் ஒன்று உண்டு. வில்லியம் பசின்ஸ்கியின் 'த டிஸின்டக்ரேஷன் லூப்ஸ்'. 1980களில் செய்து வைத்திருந்த டேப் லூப்களை, அதாவது முனைகளை ஒட்டி வளையமாக்கிய ஒலிநாடாக்களை, 2001ல் டிஜிட்டலுக்கு மாற்ற எடுத்தார். டேப் சுற்றச் சுற்ற அதன் மேல்பூச்சு உதிர ஆரம்பித்தது. அவர் நிறுத்தவில்லை, பதிவை ஓடவிட்டார். முதல் பகுதி மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரே சின்ன மெட்டுத்தான் திரும்பத் திரும்ப வரும். முதலில் அதன் வால் கரையும், பிறகு நடுவில் ஓட்டை விழும், அப்புறம் ஓட்டைகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு சுரம் தலைகாட்டும்.

இதைப் பற்றி வருகிற விமர்சனங்களில் எனக்கு ஒரு மனத்தாங்கல். நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட செப்டம்பர் 11 அன்று அவர் புரூக்ளின் மொட்டைமாடியிலிருந்து புகையைப் படம்பிடித்தார். அந்தக் காட்சிதான் அட்டையில் இருக்கிறது. எழுதுகிறவர்கள் எல்லோரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். லூப்கள் அதற்கு முன்பே உதிர்ந்து பதிவாகியிருந்தவை. அந்தச் செய்தியை ஒதுக்கி வைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். ஆல்பம் அப்போதும் நிற்கிறது.

*

மேலே 'ஜஸ்டிஸ்' பற்றி எழுதியவருக்கு ஒரு பதில். நானும் பேஸ் வாசிப்பவன். பேஸைக் கூட்டி ரசிகர்களே செய்த பதிப்புகள் இணையத்தில் உலவுகின்றனவே, கேட்டிருக்கிறீர்களா? நியூஸ்டெட் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்து எவ்வளவு இறுக்கமாக வாசித்திருக்கிறார் என்று அதில்தான் தெரிந்தது. ஆனால் நிறையக் கூட்டியவற்றில் ஹெட்ஃபீல்டின் வலக்கை வேகம் மழுங்கிவிடுகிறது. 'பிளாக்கண்ட்' பாட்டுக்கு அந்தக் கூர்மைதான் முக்கியம். லேசாகக் கூட்டிய பதிப்பு ஒன்றில் 'ஹார்வெஸ்டர் ஆஃப் சாரோ' நன்றாக வந்திருக்கிறது. உங்கள் அறைத்தோழரோடு இன்னும் தொடர்பு இருந்தால் அவரிடம் முதலில் அதைப் போட்டுக்காட்டுங்கள்; அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.