காவல் நிலையத் தடுப்பறையில் குடிப்பழக்கத்தைப் பற்றிக் கேட்கலாமா?

தேன்மொழி:
இங்கிலாந்தில் கைதாகித் தடுப்பறைக்குக் கொண்டுவரப்படுவோரிடம் குடிப்பழக்கம் பற்றிச் சில கேள்விகள் கேட்டு, தேவையானவர்களுக்கு ஐந்து நிமிட அளவில் அறிவுரை சொல்லி அனுப்பும் வழக்கத்தை, “கைதியிடம் செய்யும் உபதேசம்” என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அத்தகைய தடுப்பறை ஒன்றில் செவிலியராகப் பணியாற்றுபவள் என்ற முறையில் மறுக்க விரும்புகிறேன். குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ வினாத்தாளில் 10 கேள்விகள் உள்ளன. மதிப்பெண் 0 முதல் 40 வரை. 8-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 8 முதல் 15 வரை எளிய அறிவுரை, 16 முதல் 19 வரை சற்று நீண்ட ஆலோசனை, 20-ஐத் தொட்டால் மதுச் சார்பு, அதாவது மதுவை விட முடியாத நிலை, இருக்கிறதா என்று மேற்கொண்டு ஆராய வேண்டும். எங்களிடம் வரும் இளைஞர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் எந்த மருத்துவரையும் பார்த்திராதவர்கள். வாரத்திற்கு 14 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் என்பது 10 மில்லிலிட்டர் தூய மது) மேல் வேண்டாம் என்று 2016 முதல் அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரிகள் சொல்லிவருகிறார்கள். 70 சென்டிலிட்டர் விஸ்கி புட்டி ஒன்றில் 28 யூனிட் இருக்கிறது, அதாவது இரண்டு வாரத்து அளவு ஒரே புட்டியில் அடங்கிவிடுகிறது என்பதை என் வாயால் முதன்முறையாகக் கேட்பவர்கள் உண்டு.

அறவாழி:
கேள்விகள் நல்லவை என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அவை கேட்கப்படும் இடத்தைத்தான் மறுக்கிறேன். தடுப்பறையில் இருப்பவர் தம் விருப்பப்படி எழுந்து போக முடியாதவர். எப்போது விடுவார்கள், வழக்குப் பதிவாகுமா, வீட்டுக்குச் செய்தி போயிற்றா என்று தவித்துக்கொண்டிருப்பவரிடம் “விருப்பமிருந்தால் பதில் சொல்லுங்கள்” என்றால், மறுத்தால் தமக்கு எதிராக எடுத்துக்கொள்வார்களோ என்ற அச்சத்திலேயே அவர் தலையசைப்பார். அதைச் சம்மதம் என்று ஒரு வழக்கறிஞனாக என்னால் ஏற்க இயலாது. போதாக்குறைக்கு, குடித்துவிட்டு என்ன நடந்தது என்பது நினைவில் இல்லாமல் போனதுண்டா, உங்கள் குடியால் யாருக்கேனும் காயம் ஏற்பட்டதுண்டா என்ற கேள்விகளும் அந்த வினாத்தாளில் இருக்கின்றன. அடிதடி வழக்கில் பிடிபட்டவரிடம் இவற்றைக் கேட்பது விசாரணைக்கும் சிகிச்சைக்கும் நடுவே உள்ள சுவரை இடிப்பதாகும். 2003-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் கொண்டுவந்த நிபந்தனை எச்சரிக்கையில், அதாவது நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் சில நிபந்தனைகளோடு எச்சரித்து விடும் முறையில், மது ஆலோசனைக்குச் செல்வதையே ஒரு நிபந்தனையாகச் சேர்க்க முடியும் என்னும்போது, ‘விருப்பம்’ என்ற சொல்லுக்கு மிச்சமிருக்கும் பொருள் என்ன?

மாறன்:
உரிமை பற்றிய விவாதம் தொடரட்டும். இதனால் பயன் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். 2007 முதல் 2010 வரை உள்துறை அமைச்சகம் சில பகுதிகளில் இதைச் சோதித்துப் பார்த்தது. ஆலோசனை பெற்றவர்கள் மீண்டும் கைதாவது குறைந்தது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. இம்முறையை ஆதரிப்போர் வழக்கமாகக் காட்டுவது ‘சிப்ஸ்’ என்ற மது ஆலோசனை ஆய்வில், தண்டனை பெற்று நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர்களிடம் நடத்தப்பட்ட பகுதி. அதில் 525 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் துண்டறிக்கை மட்டும், இன்னொன்றுக்கு அதனுடன் 5 நிமிட அறிவுரை, மூன்றாவதற்கு மேலும் 20 நிமிட ஆலோசனை என்று கொடுத்தார்கள். ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் பார்த்தபோது ஆடிட் அளவில் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ஓராண்டுக்குள் மீண்டும் தண்டனை பெற்றவர்கள் துண்டறிக்கைக் குழுவில் 50 சதவீதம், மற்ற இரண்டிலும் 36, 38 சதவீதம். குடி குறைந்ததால் குற்றம் குறைந்தது என்று வாதிட இந்த முடிவு இடம் தரவில்லை, ஏனென்றால் குடியில் குழுக்கள் வேறுபடவே இல்லை. ஆய்வின் முதன்மைக் கேள்வியும் குடியைப் பற்றியதே. மறுதண்டனை அதற்கு அடுத்த நிலையில் அளக்கப்பட்டது. மேலும், கண்காணிப்பு அலுவலகத்துக்கு வருபவர் தீர்ப்பு முடிந்து, நாள் குறித்து, தெளிந்த நிலையில் வருகிறார். தடுப்பறைக்கு வருபவர் நள்ளிரவில் தள்ளாடிக்கொண்டு வருகிறார். அங்கே கிடைத்த எண்ணை இங்கே பொருத்திப் பேசுவது முறையன்று.

தேன்மொழி:
மாறன் சொல்லும் எண்களை நான் மறுக்கவில்லை. ஆனால் மறுகைது என்ற அளவுகோலை இதன்மேல் சுமத்தியவர்கள் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியவர்கள், செவிலியர்கள் அல்லர். நெஞ்சுவலியோடு வருபவரின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கும்போது அதனால் திருட்டு குறையுமா என்று யாரும் கேட்பதில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தள்ளாடும் நிலையில் யாரிடமும் ஆடிட் கேட்பதில்லை, கேட்டுப் பயனுமில்லை. போதையில் இருப்பவரைக் குறைந்தது அரை மணிக்கொரு முறை எழுப்பிப் பார்க்க வேண்டும் என்பது 1984-ஆம் ஆண்டுக் காவல்துறை மற்றும் குற்றவியல் சான்றுச் சட்டத்தின் கீழ், காவலில் வைக்கப்பட்டோரை நடத்தும் முறையைச் சொல்லும் ‘சி’ நெறித்தொகுப்பின் விதி. குறட்டை விடுகிறார், தூங்கட்டும் என்று விடப்பட்டவர் தலையில் அடிபட்டு மயங்கிக் கிடந்தவராக இருந்திருக்கலாம் என்ற அச்சம்தான் அதற்குக் காரணம். அதைவிட நான் அஞ்சுவது தெளிந்த பிறகு வரும் ஆபத்தை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகிய உடலுக்குத் திடீரென்று மது நின்றால் சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும், ஓரிரு நாளில் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் பிதற்றலோடு கூடிய மனக்குழப்பமும் வரக்கூடும். இதைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். ‘கடைசியாக எப்போது குடித்தீர்கள், காலையில் எழுந்ததும் குடிக்கத் தோன்றுகிறதா’ என்று கேட்காமல் அந்த மனிதரை எப்படிக் காப்பாற்றுவது? அப்படிப்பட்டவரிடம் “இன்றோடு நிறுத்திவிடுங்கள்” என்று சொல்வதும் ஆபத்தே. ஐந்து நிமிட அறிவுரை அவருக்கானது அன்று. அவருக்கு வேண்டியது மருத்துவம்.

அறவாழி:
இரண்டு வெவ்வேறு செயல்களை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். உயிர் காக்கக் கேட்கும் கேள்வியை நான் எதிர்க்கவே இல்லை. அது காவலில் வைத்தவரின் கடமை. குடித்துச் சண்டை போட்டு முதன்முறை பிடிபட்ட இருபத்திரண்டு வயதுக்காரரிடம் வாழ்க்கை முறை பற்றிப் பேசுவது உயிர்காப்பு ஆகாது. அதை விடுதலையான பின், காவல் நிலையத்துக்கு வெளியே செய்யலாமே.

தேன்மொழி:
வெளியே போனவர் வருவதில்லை, ஐயா. முகவரிச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பியவர்களில் எத்தனை பேர் அந்தக் கதவைத் தட்டினார்கள் என்பதைப் பார்த்த பிறகுதான் இவ்வளவு அழுத்தமாகப் பேசுகிறேன்.

கயல்:
லண்டன் பகுதியில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருப்பதால் ஒன்று சேர்க்கிறேன். ஆங்கிலம் தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்தாக வேண்டும் என்பது விதி. நம்மவர் ஒருவர் இன்னொரு தமிழர் வழியாகத் தம் குடியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் ஊரையும் நான் போகும் கோயிலையும் விசாரித்த பிறகு, “எப்போதாவது, விசேஷத்துக்கு மட்டும்” என்று முடித்துக்கொள்வார்கள். அந்தப் பதிலுக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணை வைத்து யாருக்கு என்ன அறிவுரை சொல்வது? தொலைபேசி வழியாக, ஊர் பெயர் சொல்லாமல் மொழிபெயர்க்கும்போது பதில்கள் ஓரளவு நேர்மையாக வருகின்றன என்பது என் கணிப்பு.

அறவாழி:
கயல் சொல்வது என் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது: அச்சமோ வெட்கமோ உள்ள இடத்தில் கிடைக்கும் பதில் மருத்துவத்துக்கும் உதவாது. முழுவதும் கைவிடச் சொல்லவில்லை. மூன்று உறுதிகள் இருந்தால் என் எதிர்ப்பு பெரிதும் குறையும். கேட்பவர் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. விசாரணை முடிந்து, விடுவிப்பதா வழக்குப் பதிவதா என்ற முடிவு சொல்லப்பட்ட பிறகே கேட்க வேண்டும். பதில்கள் அரசுத் தரப்பு வழக்கறிஞரின் கைக்குப் போகா என்று எழுத்தில் தர வேண்டும்.

தேன்மொழி:
முதலாவது எங்களிடம் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. இரண்டாவதை ஏற்கிறேன், ஆனால் முடிவு சொன்ன மறு நிமிடம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்ப்பவரை ஐந்து நிமிடம் உட்கார வைப்பது எவ்வளவு கடினம் என்று வந்து பார்த்தால் தெரியும். மூன்றாவதை நான் முழுமையாகத் தர முடியாது. ஒருவரின் பாதுகாப்பைத் தொடும் தகவலை நான் தடுப்பறைப் பொறுப்பு சார்ஜண்ட்டிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்து அவருக்கு இரவில் வலிப்பு வந்தால் பொறுப்பு என்னுடையது. எந்தப் பதிலைச் சொல்லியாக வேண்டும், எதை என் குறிப்பேட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதைக் கேள்வி கேட்கும் முன்பே அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மாறன்:
அப்படிச் சொன்ன பிறகு எத்தனை பேர் மறுக்கிறார்கள் என்ற கணக்கை உங்கள் தடுப்பறையில் எழுதி வைக்கிறார்களா? மறுப்பவர் எவருமே இல்லையென்றால், அறவாழி சொல்லும் சம்மதப் பிரச்சினை உண்மை என்றே கொள்வேன்.