மனசு சரியில்லாதபோது ஆப்பிடம் பேசியவர்கள் இருக்கிறீர்களா?

தங்கச்சிமடத்துக்காரி
நேரே விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர் மீன்பிடிக்கப் போன விசைப்படகை நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினோரு நாள் தூக்கமில்லை. தங்கச்சி மகள்தான் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள், தமிழிலேயே பதில் சொல்லும் என்று. ராத்திரி இரண்டு மணிக்கு, "படபடப்பா இருக்கு" என்று அடித்தேன். உடனே பதில் வந்தது: "கண்களை மூடுங்கள். கடற்கரையில் நிற்பதாக நினையுங்கள். அலையோசையைக் கேளுங்கள்."

அந்தச் சத்தம் காதில் விழக் கூடாது என்றுதான் தலையணையை அழுத்திக்கொண்டு கிடந்தேன். அவர் வந்துவிட்டார், படகு வரவில்லை. எனக்கு இன்னும் அந்தப் பதில்தான் போகமாட்டேன் என்கிறது.

கீழக்கரை
லாத்தா, எங்கள் வீட்டிலும் இதே கூத்து. தம்பி துபாய் போனதிலிருந்து உம்மா "நெஞ்சை அடைக்குது" என்பார். ஒருநாள் நானே ஆப்பில் அதை அப்படியே அடித்தேன். மாரடைப்பாக இருக்கலாம், 108-ஐக் கூப்பிடு என்றது. அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினோம். ஈசிஜியில் ஒன்றுமில்லை. டாக்டரம்மா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மகன் எப்போ வர்றார்?" என்று கேட்டார். அப்போதுதான் உம்மா அழுதார். நெஞ்சை அடைக்கிறது என்றால் நம் ஊரில் என்னவென்று ஆப்புக்கு எப்படித் தெரியும்?

மண்டபம் முகாம் ரோடு
கீழக்கரை நண்பரே, அதில் ஆப்பின் தப்பு என்ன? நெஞ்சு அடைக்கிறது என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு ஆப் மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துகிறது, நாலு வருஷமாகத் தவறவில்லை. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் சிலது தெரிந்துகொள்ளுங்கள். பல ஆப்களில் மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் வரும், அதற்குப் பெயர் பிஎச்கியூ-9. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 27 மதிப்பெண். மதிப்பெண் கூடினால் டாக்டரைப் பாருங்கள், நோய் இதுதான் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய நினைப்பு. அதற்கு 'ஆம்' என்று வந்தால் ஆப்பை மூடிவிட்டு 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கியது, காசில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இன்னொன்று, இயந்திரத்திடம் மனசு விட்டுப் பேசுவது புதிதே இல்லை. 1966-இலேயே அமெரிக்காவில் எலிசா என்று ஒரு நிரல். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அதை எழுதியவரின் செயலாளரே, தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே போங்கள் என்றாராம். இன்னொன்றும் சொல்கிறேன், வோபாட் என்ற ஆப் 2025 ஜூனில் நின்றே போனது. தினமும் பேசிப் பழகியவர்கள் கதி?

ஏர்வாடி டீக்கடை
அண்ணே, அந்த அக்கா இதையெல்லாம் கேட்டாரா? 2001-இல் இங்கே மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியோடு 28 பேர் எரிந்துபோன ஊர்க்காரன் நான். போன மாதம் ஒரு வெளியூர் அம்மா கடையில் உட்கார்ந்து, மகனைப் பற்றி ஆப்பில் அடித்துக்கொண்டே இருந்தார். மகன் பக்கத்தில்தான் இருந்தான். டீ ஆறிவிட்டது. அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கச்சிமடத்துக்காரி
மண்டபம் அண்ணே, 14416-ஐக் குறித்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். எங்கள் வீடு ஒரே அறை. வாயைத் திறந்தால் பிள்ளைகள் எழுந்துவிடும். அதனால்தான் அடித்தேன்.