நெட்வொர்க் கேபிள் போர்ட்டில் பொருந்துகிறதே என்று செருகியவர்கள் இங்கே எழுதுங்கள்

செம்புக்கம்பி:
கூரை ஆன்டெனாவுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் ஏற்றும் 24 வோல்ட் இன்ஜெக்டர், அதில் பிஓஇ (டேட்டாவோடு மின்சாரமும் போகும்), லேன் (டேட்டா மட்டும்) என்று ஒட்டி ஒட்டி இரண்டு துளைகள் இருக்குமே, அதுதான். மேசைக்கு அடியில் குனிந்து, வெளிச்சம் இல்லாமல், தடவிப் பார்த்தே மாற்றிச் செருகிவிட்டேன். மறுமுனை நண்பரின் மடிக்கணினியில். போர்ட் விளக்கு ஒரே ஒரு தடவை மினுங்கியது. அப்புறம் பொசுங்கின வாடை, நகத்தைத் தீயில் காட்டினால் வருமே, அப்படி. உடனே பிடுங்கினேன், ஆனால் போர்ட் போனது போனதுதான். அவர் ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இரவுப்பணி:
எனக்கு எதுவும் கருகவில்லை, மூன்று நாள் தூக்கம்தான் போனது. கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளை ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்தி இரண்டு முனையும் கிரிம்ப் செய்தேன், அதாவது பிளக்கில் வைத்து நசுக்கிப் பொருத்தினேன். டெஸ்டரில் 1 முதல் 8 வரை அழகாக எரிந்தது. லிங்க், அதாவது இணைப்பு மட்டும் வந்து வந்து போனது. பிளக்கில் 3-ம் 6-ம் இடத்துக் கம்பிகள் ஒன்றாக முறுக்கிய ஒரே ஜோடியாக இருக்க வேண்டும் என்பது அப்போது தெரியாது. வெள்ளைப்பச்சையை 3-இல் விட்டு, பச்சையை 6-க்கு மாற்றி மறுபடி அடித்ததும் லிங்க் நிலையாக நின்றுவிட்டது.

இடிமின்னல்:
செம்புக்கம்பி, பிஓஇ மேல் பழி போடாதீர்கள். 2003-இல் வந்த 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரப்படி செய்த நெட்வொர்க் ஸ்விட்ச், எதிரே 25 கிலோ ஓம் மின்தடை தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மின்சாரம் விடும். உங்களுடையது பேஸிவ், எதிரே என்ன இருக்கிறது என்று கேட்காமலே 4, 5, 7, 8 கம்பிகளில் மின்சாரத்தைத் தள்ளிவிடும். எனக்கு ஒரு இடிமழை இரவில் பக்கத்துக் கட்டடத்துக்கு இழுத்த கேபிள் வழியாக நாலு போர்ட் போனது, அவ்வளவுதான் கதை. ஆனால் எல்லோரும் கேளுங்கள்: இரண்டு கட்டடத்துக்கு நடுவே கண்ணாடி இழை ஃபைபர் போடுங்கள், செம்பு வேண்டாம். பிளக் பொருத்தும்போது கம்பி ஜோடியின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். அலுமினியத்தில் செம்பு பூசின மலிவுக் கேபிளில் பிஓஇ விட்டால் சூடேறும், வாங்கும்போதே முழுச் செம்பா என்று பாருங்கள். கருவியின் அமைப்பை மாற்றுவதற்கான கன்சோல் போர்ட்டும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், அதில் பிஓஇ கேபிளைச் செருகிவிடாதீர்கள். டெஸ்டரை மாட்டுமுன்பும் மறுமுனை எதிலும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்புக்கம்பி:
சரி, பேஸிவ்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டியில் அந்தச் சொல்லே இல்லை, 24 வோல்ட் என்று மட்டும்தான் போட்டிருந்தது. இன்று பிஓஇ துளையைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டிவிட்டேன், இருட்டில் விரலுக்கும் தட்டுப்படட்டும் என்று மூன்று சுற்று.