ஊரடங்கில் பிள்ளைகளின் மூளைக்கு 4 வயது கூடிவிட்டதா?

கேள்வி:
கொரோனா ஊரடங்கால் பதின்வயதுப் பெண்களின் மூளைக்கு நாலு வயசு கூடிவிட்டது என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, உண்மையா? மூளை முதிர்ந்தால் நல்லதுதானே? வீட்டில் எதைக் கவனிக்கணும்?

பதில் 1:
வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு அது, 2024 செப்டம்பரில் வந்தது. 2018-இல் 9 முதல் 17 வயது வரையுள்ள 160 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதை வைத்து, வயது ஏற ஏற மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, எவ்வளவு மெலியும் என்று கணக்குப் போட்டார்கள். 2021-இல் மறுபடி எடுத்தால், கணக்கை மிஞ்சி மெலிந்திருந்தது. பெண்களுக்குச் சராசரி 4.2 வருடம் கூடுதலாக வயதானதுபோல் மெலிந்திருந்தது, பையன்களுக்கு 1.4 வருடம். பெண்களுக்குப் பரவலாக, பையன்களுக்குப் பின்மண்டையில் பார்வைப் பகுதியில் மட்டும்.

மெலிவது நோய் கிடையாது. வேண்டாத இணைப்புகளை மூளை கழித்துக்கொள்வது அந்த வயதில் எல்லாருக்கும் நடப்பதுதான். கவலை வேகத்தைப் பற்றி. உணர்ச்சியைக் கிளப்பும் அமிக்டலா முன்னாடியே தயாராகிவிடும். அதற்குக் கடிவாளம் போடும் நெற்றிப்பக்கப் புறணி முழுமை பெற 25 வயது வாக்கில் ஆகும். அதற்குள் அவசரமாகக் கழித்துவிட்டால் புதுசுக்கு வளைந்துகொடுக்கும் தன்மை குறையலாம். இதைப் புத்தி முதிர்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதில் 2:
ஒரு திருத்தம். ஊரடங்கே பார்க்காத பிள்ளைகள் ஒப்பிடக் கிடைக்கவில்லை. அதனால் காரணம் தனிமையா, திரையா, ஓடியாடாததா என்று பிரிக்க முடியாது. சராசரியை உங்கள் பிள்ளைமேல் ஒட்டாதீர்கள். இதற்காக ஸ்கேன் எடுப்பது வீண் செலவு.

பதில் 3:
வீட்டில் பார்க்க வேண்டியது தூக்கமும் எரிச்சலும். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிடச் சிடுசிடுப்பாக வருவது சகஜம். 'திமிர்' என்று தள்ளிவிடுவார்கள். பிடித்த விளையாட்டே கசப்பது, சாப்பாடு மாறுவது, மார்க் சரிவது இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். சாகணும் என்ற பேச்சோ, கையில் கீறலோ இருந்தால் அன்றைக்கே. "செத்துவிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது.

தூக்கம் 8 முதல் 10 மணி நேரம். பருவமடைந்தபின் உடம்புக் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது, 9 மணிக்கே படு என்றால் புரண்டுகொண்டுதான் கிடப்பார்கள். எழும் நேரத்தை முதலில் நிலையாக்குங்கள், எழுந்ததும் அரைமணி வெளிச்சத்தில் நிற்கட்டும். படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை 15 நிமிடம் முன்னால் இழுங்கள். போன் சார்ஜ் ஏறுவது வேறு அறையில்.

கேள்வி கேட்டவர்:
ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தூங்கவிடலாமா?

பதில் 3:
ஒரு மணி நேரம் கூடுதலாக, அவ்வளவுதான். மதியம்வரை விட்டால் அன்று ராத்திரி தூக்கம் வராது, திங்கள் காலை எழுப்பும்போது சண்டைதான்.