கல்லூரி வானொலி: நடத்துபவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். எங்கள் கல்லூரியில் சமுதாய வானொலி தொடங்க ஆசை. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். வந்தபோதே கனவு கண்டோம், இப்போதுதான் நிர்வாகம் தலையாட்டியிருக்கிறது!

உரிமம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில். அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புத் துறை. 100 வாட் சக்தி, அதிகபட்சம் 30 மீட்டர் கோபுரம். இதெல்லாம் புரிகிறது. பணம்தான் புரியவில்லை. மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம், சரி. அரசு விளம்பரத்துக்குப் பத்து நொடிக்கு 74 ரூபாய். அது தொடர்ந்து வருகிறதா? கருவிகளுக்கு மத்திய அரசின் மானியம் யாராவது வாங்கியிருக்கிறீர்களா? அப்புறம், தேர்வு, விடுமுறை நாட்களில் மாணவர்கள் இல்லாமல் நிலையத்தை எப்படி ஓட்டுகிறீர்கள்? மாதச் செலவுக் கணக்கைத் தோராயமாகச் சொன்னாலும் போதும். அடுத்த வாரம் முதல்வரிடம் காட்ட வேண்டும்.